ஒரு டாஸ் விளையாட்டு ஓடுவதற்கு எவையெல்லாம் தேவை

1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனத்தின் தனிநபர் கணினியோடு வெளிவந்து, 1995இல் விண்டோஸ் 95 வந்து ஓரங்கட்டும் வரை வீட்டுக் கணினிகளில் கோலோச்சிய டாஸ் என்னும் இயங்குதளத்துக்காக ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் எழுதப்பட்டன. அவற்றின் கோப்புகளில் பெரும்பகுதி இன்றும் சிதையாமல் கிடைக்கிறது. அன்று இரண்டு மூன்று ஃபிளாப்பிகளில் அடங்கிய ஒரு முழு விளையாட்டு, இன்றைய கைபேசியில் ஒரேயொரு புகைப்படம் பிடிக்கும் இடத்தைத்தான் பிடிக்கிறது. ஆயினும் கோப்பு கையில் இருப்பதும் விளையாட்டு கையில் இருப்பதும் ஒன்றல்ல. டாஸ் மிக மெலிந்த இயங்குதளம்: வட்டில் உள்ள கோப்பைப் படித்துத் தருவது, நிரலை நினைவகத்தில் ஏற்றி ஓடவிடுவது ஆகிய இரண்டுக்கு மேல் அது விளையாட்டுக்குச் செய்துகொடுத்தது சொற்பம். படம் வரைவது, ஒலி எழுப்புவது, காலத்தை அளப்பது, விசை அழுத்தப்படுவதை அறிவது ஆகிய வேலைகளை விளையாட்டை எழுதியவரே வன்பொருளோடு நேரடியாகப் பேசி முடித்துக்கொண்டார். ஆகவே அந்நாளைய விளையாட்டுக் கோப்பு ஒரு பாதி மட்டுமே. அது ஓடிய இயந்திரம் மறுபாதி. பழைய விளையாட்டைப் புதிய கருவியில் ஓடவைப்பது என்பது, உண்மையில், காணாமற்போன அந்த மறுபாதியைத் திரும்பக் கட்டுவதாகும்.

இன்றைய விண்டோஸ் கணினியில் அத்தகைய கோப்பைச் சொடுக்கினால், இந்தச் செயலி இந்தக் கணினியில் இயங்காது என்னும் அறிவிப்பு மட்டும் வருவதற்கான காரணம் புராசஸரின் அமைப்பிலேயே இருக்கிறது. 1985இல் இன்டெல் அறிமுகப்படுத்திய 80386 புராசஸரில், அதற்கு முந்தைய 8086 புராசஸருக்காக எழுதப்பட்ட 16 பிட் நிரலைத் தனியே பிரித்து, மற்ற நிரல்களைக் கெடுக்காதபடி ஓடவிடும் ஒரு முறை இருந்தது. அந்த முறையைப் பயன்படுத்தித்தான் 32 பிட் விண்டோஸ் பதிப்புகள் டாஸ் நிரல்களை ஓரளவு தாங்கி வந்தன. புராசஸர் 64 பிட் நிலையில் இயங்கும்போது அந்த முறை கிடைப்பதில்லை என்பதால், 64 பிட் விண்டோஸில் அந்த ஆதரவு அடியோடு விடப்பட்டது. விண்டோஸ் 11க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. கைபேசிகளிலும் விலை குறைந்த கையடக்க விளையாட்டுக் கருவிகளிலும் இருப்பவை ஆர்ம் வகைப் புராசஸர்கள். இன்டெல் புராசஸருக்கான கட்டளைகள் அவற்றுக்குப் புரிவதே இல்லை. டாஸையே நேரடியாகக் கணினியில் நிறுவிவிடலாமே என்று எண்ணுவோருக்கு, 1994 முதல் வளர்க்கப்பட்டு வரும் ஃப்ரீடாஸ் என்னும் இலவச இயங்குதளம் இருக்கிறது. ஆனால் புதிய மடிக்கணினிகள் பலவற்றில் கணினியைத் தொடக்கிவைக்கும் பழைய பயாஸ் முறை நீக்கப்பட்டுவிட்டதால் அது அவற்றில் தொடங்குவதில்லை, தொடங்கும் கணினியிலும் விளையாட்டு தேடுகிற சவுண்ட் கார்டு இருப்பதில்லை.

எனவே எமுலேட்டரை நாட வேண்டியிருக்கிறது. ஒரு பழைய இயந்திரத்தின் புராசஸர், நினைவகம், காட்சி அட்டை, சவுண்ட் கார்டு, கடிகாரம் ஆகிய ஒவ்வொன்றும் எந்தக் கட்டளைக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதை மென்பொருளாகவே எழுதி, விளையாட்டு நிரலுக்கு அது தன் சொந்த இயந்திரத்தில் இருப்பதாகவே தோன்றச் செய்யும் மென்பொருளை எமுலேட்டர் என்கின்றனர். டாஸ் விளையாட்டுகளுக்கென 2002இல் வெளிவரத் தொடங்கிய டாஸ்பாக்ஸ் இவ்வகையில் முதன்மையானது. மைக்ரோசாஃப்டின் டாஸ் அதற்குத் தேவையில்லை. டாஸ் செய்யும் வேலைகளை அது தானே எழுதி வைத்திருக்கிறது. கணினியில் உள்ள ஏதேனும் ஒரு கோப்புறையை, மவுண்ட் என்னும் ஒற்றைக் கட்டளையால் பழைய இயந்திரத்தின் சி டிரைவாக அது காட்டிக்கொள்கிறது. அதன் 0.74 பதிப்பு 2010இல் வந்த பிறகு சிறு திருத்தங்கள் மட்டுமே வெளியாகின. அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், வேறு சிலர் அதிலிருந்து கிளைகளைப் பிரித்து வளர்த்தனர். மேசைக் கணினியில் நல்ல காட்சியும் ஒலியும் வேண்டுவோருக்கு டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங், விண்டோஸ் 95 போன்றவற்றையும் தாங்கும் விரிந்த வன்பொருள் ஆதரவு வேண்டுவோருக்கு டாஸ்பாக்ஸ் எக்ஸ், கையடக்கக் கருவிகளுக்கு டாஸ்பாக்ஸ் ப்யூர் என்று அக்கிளைகளை வகுத்துக்கொள்ளலாம்.

மறுபாதியைத் திரும்பக் கட்டுவதில் முதற்சிக்கல் வேகம். 1981இன் ஐபிஎம் கணினியில் இருந்த 8088 புராசஸர் நொடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம் துடிப்புகளில் ஓடியது. வாங்கப்படும் கணினிகள் எல்லாம் ஏறத்தாழ அதே வேகத்தில் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட தொடக்கக்கால விளையாட்டுகள், காலத்தைத் தனியே அளக்காமல், இயந்திரம் தரும் வேகத்திலேயே ஓடின. புராசஸர் வேகம் கூடியபோது விளையாட்டின் வேகமும் கூடியது. எண்பதுகளின் பிற்பகுதியில் கணினிப் பெட்டிகளின் முகப்பில் டர்போ என்றொரு பொத்தான் இருந்ததும், பெயருக்கு மாறாக அது கணினியை மெதுவாக்கவே பயன்பட்டதும் இதனால்தான்.

வேகமான இயந்திரம் விளையாட்டைத் தொடங்கவே விடாமல் செய்த நிகழ்வும் உண்டு. போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ பாஸ்கல் என்னும் நிரல்மொழிக் கருவியில் எழுதப்பட்ட ஏராளமான டாஸ் நிரல்கள், தொடங்கியவுடன் ஒரு சிறு சோதனை செய்தன. கணினியின் கடிகாரம் நொடிக்கு 18.2 முறை, அதாவது சுமார் 55 மில்லிநொடிக்கு ஒருமுறை, துடிக்கும். இரண்டு துடிப்புகளுக்கு இடையே ஒரு வெற்றுச் சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, அந்த எண்ணை 55ஆல் வகுத்தால், ஒரு மில்லிநொடி காத்திருக்க எத்தனை சுழற்சி தேவை என்பது தெரிந்துவிடும். வகுத்து வரும் ஈவு 16 பிட் இடத்துக்குள், அதாவது 65,535க்குள் அடங்கும் என்று அந்தச் சோதனையை எழுதியவர்கள் கருதியது அன்றைக்கு மிகப் பெரிய தாராளம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் 200 மெகாஹெர்ட்ஸை எட்டிய புராசஸர்கள் வந்தபோது ஈவு அந்த எல்லையைத் தாண்டியது; அப்படி வழியும் ஈவையும் சுழியால் வகுத்தலையும் புராசஸர் ஒரே பிழையாகவே அறிவிக்கும் என்பதால், ரன்டைம் எரர் 200 என்ற வரியோடு நிரல் நின்றுபோனது. எமுலேட்டரில் வேகத்தை முழுவதுமாகத் திறந்துவிட்டால் இதே பிழை இன்றும் வருகிறது, வேகத்தைக் குறைத்தால் மறைகிறது.

அந்த வேகத்தைக் கட்டுப்படுத்த டாஸ்பாக்ஸில் சைக்கிள்ஸ் என்னும் அமைப்பு உண்டு. ஒரு மில்லிநொடியில் எத்தனை கட்டளைகளை நிறைவேற்றுவது என்பதை அந்த எண் குறிக்கிறது. சுமார் 300 வைத்தால் 1981இன் கணினி, 3,000 வைத்தால் தொடக்கநிலை 386, 25,000 வைத்தால் தொண்ணூறுகளின் நடுவில் பரவலாக இருந்த 66 மெகாஹெர்ட்ஸ் 486 என்று தோராயமாகக் கொள்ளலாம். தானியங்கி முறையில் விட்டுவிடுவது பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதும் என்றாலும், ஒரு விளையாட்டு எந்த ஆண்டில் வந்தது, அந்த ஆண்டில் வீடுகளில் எத்தகைய கணினி இருந்தது என்று பார்த்து எண்ணை நிர்ணயிப்பதே சரியான வழி. ஆரிஜின் நிறுவனம் 1990இல் வெளியிட்ட விங் கமாண்டர் இதற்கு நல்ல சான்று. அதன் விண்வெளிப் போர்க்காட்சிகளில் வேகத்துக்குக் கடிவாளமே இல்லாததால், 386 வேகத்தில் அது விறுவிறுப்பான விளையாட்டாகவும், பின்வந்த பென்டியம் புராசஸரின் வேகத்தில் எதிரி கண்ணில் படுமுன் கடந்துபோகும் குழப்பமாகவும் இருக்கிறது. அது பெரிய படைப்பா என்று தீர்ப்பளிக்க முனையும் இன்றைய இளைஞர், தவறான எண்ணோடு அதைத் தொடங்கினால், அவர் கண்டது அந்த விளையாட்டே அல்ல.

அடுத்தது திரை. கவனமின்மையால் மிகுதியாகக் கெடுக்கப்படுவதும் இதுவே என்பதால் இதைச் சற்று விரித்துரைக்க வேண்டியிருக்கிறது. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ என்னும் காட்சி முறையில், விளையாட்டுகள் பெரிதும் விரும்பிய நிலை, அகலத்தில் 320, உயரத்தில் 200 பிக்சல்களும் ஒரே நேரத்தில் 256 நிறங்களும் கொண்டது. 320க்கு 200 என்பது 16க்கு 10 என்னும் விகிதம். ஆனால் அன்றைய மானிட்டர்கள் 4க்கு 3 என்னும் விகிதத்தில் இருந்தன, படம் அவற்றின் திரை முழுவதையும் நிறைத்தது. அப்படியானால் ஒவ்வொரு பிக்சலும் சதுரமாக இல்லாமல், அகலத்தைப் போல் 1.2 மடங்கு உயரம் கொண்டதாக இருந்தது என்று பொருள். இன்றைய திரைகளில் பிக்சல்கள் சதுரம். பழைய படத்தைச் சதுரப் பிக்சலில் அப்படியே இட்டால், உருவங்கள் ஆறில் ஒரு பங்கு உயரத்தை இழந்து குட்டையாகிவிடும்.

வால்வ் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கணினியில் இது ஒரு பொறியாகவே அமைந்துவிட்டது. அதன் திரை 1280க்கு 800 பிக்சல். 320ஐ நான்கால் பெருக்கினால் 1280, 200ஐ நான்கால் பெருக்கினால் 800. படம் ஒரு புள்ளிகூட மிச்சமில்லாமல் திரையை நிறைக்கிறது, விளிம்புகள் கூர்மையாக நிற்கின்றன, பார்ப்பவர் இதற்கென்றே செய்த திரை என்று மகிழ்கிறார். ஆனால் உருவங்கள் எல்லாம் குட்டையாகிவிட்டன. சரியான வடிவம் வேண்டுமானால் 800 உயரத்துக்குச் சுமார் 1,067 அகலமே கொடுத்து, இரு பக்கமும் நூற்றுச் சொச்சம் பிக்சல்களைக் கறுப்பாக விட வேண்டும். டாஸ்பாக்ஸில் ஆஸ்பெக்ட் என்னும் அமைப்பை இயக்கினால் இது தானே நடந்துவிடும். சில விளையாட்டுகளின் ஓவியர்கள் பிக்சலைச் சதுரமாகவே கருதி வரைந்ததுண்டு, அவற்றில் வட்டங்கள் மானிட்டரிலேயே நீண்டுதான் தெரிந்தன என்பதையும் சொல்ல வேண்டும்; ஆனாலும் ஐயம் வரும் இடத்தில், அக்காலத்து வீட்டுத் திரையில் எப்படித் தெரிந்ததோ அப்படிக் காட்டுவதே நேர்மை. கறுப்புப் பட்டைகளுக்கு அஞ்சிப் படத்தை நசுக்குவதை ஏற்கவே முடியாது.

மியூ மினி போன்ற சிறு கருவிகளில் சிக்கல் வேறு வகையானது. அதன் 2.8 அங்குலத் திரை 640க்கு 480 பிக்சல்; விகிதம் 4க்கு 3 என்பதால் வடிவம் தானாகவே சரியாக அமைந்துவிடுகிறது. அகலம் சரியாக இரண்டு மடங்கு, உயரமோ 2.4 மடங்கு. பிக்சலைப் பின்னமாக வெட்ட முடியாது என்பதால், ஒவ்வோர் ஐந்து வரிகளிலும் மூன்று வரிகள் இரட்டிப்பாகவும் இரண்டு வரிகள் மும்மடங்காகவும் ஆகின்றன. நிலையான படத்தில் கண்ணுக்குத் தப்பும் இந்த ஏற்றத்தாழ்வு, திரை மேலும் கீழும் நகரும்போது ஒருவித நெளிவாக உறுத்துகிறது. படத்தை முதலில் முழு மடங்கில் பெரிதாக்கி, பிறகு மென்மையாகச் சுருக்கும் ஷேடர் ஒன்றைப் போட்டால் இது பெருமளவு அடங்கும். ஷேடர் என்பது, திரைக்குச் செல்லுமுன் ஒவ்வொரு பிக்சலையும் திருத்தும் சிறு நிரல். எழுத்துத் திரைகளில் நிலைமை இன்னும் மோசம்: விஜிஏவின் எழுத்து நிலை 720 பிக்சல் அகலம் கொண்டதாகையால், 640 அகலத் திரையில் எழுத்துகளின் செங்குத்துக் கோடுகள் சில மங்கியோ மறைந்தோ போகின்றன.

திரையில் கிடைமட்டக் கறுப்புக் கோடுகளைச் சேர்த்துப் பழமைத் தோற்றம் தருவது இன்று பரவலான வழக்கம். தொலைக்காட்சியில் இணைத்து ஆடிய பழைய விளையாட்டுக் கருவிகளுக்கு அது பொருந்தும். விஜிஏவோ 200 வரிப் படத்தின் ஒவ்வொரு வரியையும் இருமுறை வரைந்து 400 வரிகளாகத் தந்தது. ஆகவே அந்தக் கோடுகளை டாஸ் விளையாட்டுக்காரர்கள் மானிட்டரில் அப்படிக் கண்டதே இல்லை. அதே விஜிஏ நொடிக்கு 70 முறை திரையைப் புதுப்பித்தது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 60 முறை மட்டும் புதுப்பிக்கும் இன்றைய திரையில் நகரும் பின்னணி சீராக ஓடாமல் இடையிடையே தயங்குவதற்கு இந்த வேறுபாடே காரணம். ஸ்டீம் டெக்கின் ஓஎல்இடி பதிப்பு 90 வரை செல்லும் என்பதால், அதில் புதுப்பிப்பு வீதத்தை 70 என்று நிர்ணயித்து அந்தத் தயக்கத்தைக் குறைத்துக்கொள்ள முடிகிறது.

ஒலிக்கு வருவோமானால், தொடக்கக்காலக் கணினியில் ஒரே நேரத்தில் ஒரே சுரம் எழுப்பும் சிறு ஸ்பீக்கர் தவிர வேறொன்றும் இல்லை. 1987இல் வந்த ஆட்லிப் அட்டை, யமாஹாவின் ஒரு சிப்பைக் கொண்டு ஒன்பது குரல்களில் இசை தந்தது. ஓர் அலையைக் கொண்டு மற்றோர் அலையை அசைத்துப் புதிய ஒலிகளை உண்டாக்கும் எஃப்எம் முறை அது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர், அதே சிப்போடு பதிவுசெய்யப்பட்ட குரலையும் ஒலிக்கும் வசதியைச் சேர்த்து, சில ஆண்டுகளில் எல்லா விளையாட்டுகளும் எதிர்பார்க்கும் அட்டையாக ஆயிற்று. விளையாட்டின் செட்டப் நிரலைத் தொடங்கினால் அது முகவரி, ஐஆர்க்யூ, டிஎம்ஏ என்று மூன்று எண்கள் கேட்கும். விளையாட்டு அட்டையோடு பேசும் வாயில் முதலாவது. அட்டை தன் வேலை முடிந்ததைப் புராசஸருக்குத் தெரிவிக்கும் தடம் இரண்டாவது. புராசஸரின் துணையின்றி நினைவகத்திலிருந்து ஒலியை நேரே எடுத்துச்செல்லும் பாதை மூன்றாவது. டாஸ்பாக்ஸில் மாற்றம் எதுவும் செய்யாதவரை அவை முறையே 220, 7, 1. இசை வருகிறது, குரல் மட்டும் வரவில்லை என்ற முறையீட்டுக்கு, பெரும்பாலும் ஐஆர்க்யூ இடத்தில் 5 என்று எழுதப்பட்டிருப்பதே காரணமாக இருக்கும்.

இசையைப் பொறுத்தவரை இன்னொரு படியும் உண்டு. 1987இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட எம்டி 32 என்னும் தனிக் கருவி, விலை மிகுந்ததாயினும், பல விளையாட்டுகளின் இசையமைப்பாளர்கள் தம் இசையை உண்மையில் எழுதியது அதற்காகவே. சியரா நிறுவனத்தின் கிங்ஸ் குவெஸ்ட் 4, 1988இல் அந்தப் போக்குக்கு வலுவூட்டியது. மன்ட் என்னும் எமுலேட்டர் அக்கருவியை மென்பொருளாக மீட்டிருக்கிறது. அது டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்கிலும் ப்யூரிலும் உள்ளடங்கியே வருகிறது. ஆனால் அதற்குத் தேவையான, ரோலண்டின் உரிமைக்குட்பட்ட ரோம் கோப்புகளைப் பயனர் தாமே தேடிச் சேர்க்க வேண்டும். அன்று ஆயிரத்தில் ஒருவர் வீட்டில் கேட்டிருக்கக்கூடிய இசையை, இன்று கைபேசியில் ஹெட்போன் மாட்டிக் கேட்க முடிகிறது என்பது, இந்த முயற்சிகள் அனைத்திலும் மிக இனிய பயன்.

நினைவகம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டாஸ் நிரல்களுக்கு இருந்த 640 கிலோபைட் எல்லைக்குள் இடம் தேடி, டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக் சிஸ் கோப்பைத் திருத்தித் திருத்தி மாய்ந்த தொல்லையை எமுலேட்டர் முழுவதும் தீர்த்துவிட்டது. விந்தை என்னவென்றால், இடம் தாராளமாக இருப்பதே சில விளையாட்டுகளுக்கு ஆகாது: சுருக்கிக் கட்டப்பட்ட சில பழைய நிரல்கள் நினைவகத்தின் முதல் 64 கிலோபைட்டுக்குள் ஏற்றப்பட்டால், கோப்பு சிதைந்துள்ளது என்று பொய்யாகப் புகார் சொல்லி நின்றுவிடும். அந்த இடத்தை வேண்டுமென்றே அடைத்துவைத்து நிரலை மேலே தள்ளும் லோட்ஃபிக்ஸ் கட்டளை இதற்கு மருந்து.

கையடக்கக் கருவியில் தீராத சிக்கல் விசைப்பலகை. டாஸ் காலத்து விளையாட்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட விசைகள் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. மியூ மினியில் இருப்பவையோ திசைப் பொத்தான்களும் பத்துப் பன்னிரண்டு பிற பொத்தான்களுமே. எந்த விளையாட்டு இதற்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதை முன்கூட்டியே எடைபோட வேண்டும். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா நான்கு திசை விசைகளையும் ஷிஃப்ட் விசையையும் கொண்டே முழுவதும் ஆடத்தக்கது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டின் கணினிப் பயிற்சி நிலையங்களிலும் பள்ளிக் கணினி அறைகளிலும், வகுப்பு முடிந்த மிச்ச நேரத்தில், மாணவர்கள் ஒரு விசைப்பலகையை மூவர் பங்கிட்டு அந்த இளவரசனையும் டேஞ்சரஸ் டேவையும் ஓடவிட முடிந்தது அந்த எளிமையால்தான். அதே எளிமையால் இவ்விரண்டும் இன்று கையடக்கக் கருவியில் ஒட்டிப் பொருந்துகின்றன. ஃபால்கன் 3.0 போன்ற விமான விளையாட்டு, விசைப்பலகையின் ஏறத்தாழ ஒவ்வொரு விசைக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறது. முதல் கிங்ஸ் குவெஸ்டில் ஆங்கிலச் சொற்களைத் தட்டச்சு செய்துதான் கதையை நகர்த்த முடியும். இவற்றைச் சிறு கருவியில் திணிப்பது வீண் வேலை. மேசைக் கணினிக்கே விட்டுவிடலாம். மவுஸை நம்பும் சிவிலிசேஷன் போன்றவற்றுக்கு, இரண்டு தொடுபரப்புகள் கொண்ட ஸ்டீம் டெக் ஏனைய கையடக்கக் கருவிகளைவிட மிகவும் ஏற்றது.

டாஸ்பாக்ஸ் ப்யூர் இந்தச் சூழலுக்காகவே சிந்தித்து எழுதப்பட்டது. ரெட்ரோஆர்ச் என்பது பல எமுலேட்டர்களை ஒரே முகப்பின் கீழ் இயக்கும் மென்பொருள். அதனுள் ஓடும் ப்யூர், விளையாட்டுக் கோப்புறையை ஒரே ஜிப் கோப்பாகச் சுருக்கிக் கொடுத்தால், அதைப் பிரிக்காமலேயே திறந்து, உள்ளே உள்ள நிரல்களின் பட்டியலைக் காட்டுகிறது. விளையாட்டு எழுதும் சேமிப்புகள் அந்த ஜிப்பைத் தொடாமல் தனிக் கோப்பில் விழுகின்றன. அதனால் மூலம் என்றும் மாசுபடுவதில்லை. தனக்குத் தெரிந்த விளையாட்டாக இருந்தால் கேம்பேடு பொத்தான்களுக்கு உரிய விசைகளைத் தானே பொருத்திக்கொள்கிறது. பெயர் கேட்கும் இடத்தில் திரையிலேயே விசைப்பலகையை விரிக்கிறது. வேகம், திரை வடிவம், சவுண்ட் கார்டு ஆகியவற்றைக் கட்டளை எழுதாமல் மெனுவிலேயே மாற்றித் தருகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் தொடங்குவோருக்கு இதைவிட நேரான வழி இல்லை.

ஐபோனின் வரலாறு வேறு. எமுலேட்டர்களுக்கு நீண்ட காலம் இடம் மறுத்த ஆப்பிள், 2024 ஏப்ரலில் பழைய விளையாட்டுக் கருவிகளின் எமுலேட்டர்களுக்குத் தன் கடையில் இடமளித்தது. ஆனால் எமுலேட்டர் வேகமாக ஓட வேண்டுமானால், இன்டெல் கட்டளைகளை ஓடும்போதே ஆர்ம் கட்டளைகளாக மாற்றி நினைவகத்தில் எழுதி, எழுதியதையே ஓட்ட வேண்டும். இப்படிப் புதிதாக எழுதியதை ஓட்டும் உரிமையை ஐபோன் சாதாரணச் செயலிகளுக்குத் தருவதில்லை. ஒவ்வொரு கட்டளையையும் வரிவரியாகப் படித்து நிறைவேற்றும் மெதுவான முறையே அங்கே எஞ்சுகிறது. 1990ஐ ஒட்டிய விளையாட்டுகளுக்கு அது தாராளமாகப் போதும். பென்டியம் கேட்கும் 1996இன் குவேக்குக்குப் போதாது.

இத்தகைய கனமான விளையாட்டுகளுக்கு இன்னொரு வழி உண்டு. இயந்திரத்தை மீட்காமல் விளையாட்டின் நிரலையே புதிய இயந்திரத்துக்காக மறுபடி உருவாக்குவது. இதைச் சோர்ஸ் போர்ட் என்பர். 1993 டிசம்பர் 10இல் வெளிவந்த டூம் விளையாட்டின் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997 டிசம்பரில் பொதுவில் வைத்தது. ஒலிக்குப் பயன்பட்ட நூலகம் வேறொருவர் உரிமையாக இருந்ததால், டாஸ் நிரலை விடுத்து லினக்ஸ் இயங்குதளத்துக்கான நிரலையே அது தர வேண்டியிருந்தது. அன்று தொடங்கி டூம் ஓடாத கருவி இல்லை என்னும் அளவுக்கு அது பரவியது. இந்தப் போர்ட்களுக்குள்ளும் தேர்வு உண்டு. நவீன ஒளியமைப்பும் அகலத்திரையும் சேர்த்தவை பல. சாக்லேட் டூமோ பழைய நிரலின் பிழைகளைக்கூட விடாமல் காத்து நிற்கிறது. டூம் தன் உலகத்தை நொடிக்கு 35 முறை மட்டுமே நகர்த்துகிறது, விஜிஏ புதுப்பிப்பின் சரிபாதி அது. அந்த நடையை மாற்றாமல் வைத்திருக்கும் போர்ட்டில்தான், ஓர் எதிரியை நோக்கித் திரும்பும் அசைவின் கனம் மூலத்தில் இருந்தபடியே கிடைக்கிறது. முதன்முறை ஆடுபவர் அதிலிருந்து தொடங்கினால் விளையாட்டுக்கு நியாயம் கிடைக்கும்.

2001இல் தொடங்கிய ஸ்கம் விஎம் இதே வழியின் மிக அழகான வடிவம். லூக்காஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் சாகச விளையாட்டுகளில், கதையும் உரையாடலும் புதிர்களும் தனியொரு சிறு மொழியில் எழுதப்பட்டுத் தரவுக் கோப்புகளில் கிடந்தன. டாஸில் ஓடிய நிரல் அம்மொழியைப் படித்து நடத்தும் வாசகர் மட்டுமே. அந்த வாசகரை அகற்றிவிட்டு, எந்தக் கருவியிலும் ஓடும் புதிய வாசகரை ஸ்கம் விஎம் அங்கே நிறுத்தியது. விளையாட்டுத் தரவில் ஓரெழுத்தும் மாறுவதில்லை. சைக்கிள்ஸ் கணக்கும் ஐஆர்க்யூ எண்ணும் தேவைப்படுவதில்லை. சுட்டிச் சொடுக்கி ஆடும் விளையாட்டுகள் என்பதால் கைபேசியின் தொடுதிரைக்கும் இவை இயல்பாகப் பொருந்துகின்றன. எமுலேட்டரா, போர்ட்டா என்ற கேள்வி எழும் இடத்தில், ஸ்கம் விஎம் ஆதரிக்கும் விளையாட்டாக இருந்தால் தயங்காமல் அதையே கொள்ளலாம்.

கோப்புகளை எங்கிருந்து பெறுவது என்பதை மறைத்துப் பேசுவது முறையாகாது. விற்பனையிலிருந்து விலகிவிட்ட விளையாட்டு, கைவிடப்பட்டதாகப் பொதுவழக்கில் கருதப்படுகிறதே தவிர, சட்டத்தில் அப்படியொரு வகை கிடையாது. அமெரிக்கச் சட்டப்படி, ஒரு நிறுவனத்தின் பேரில் 1990இல் வெளியான படைப்பின் பதிப்புரிமை 95 ஆண்டுகள், அதாவது 2085இன் இறுதிவரை நீடிக்கும். நேர்மையான வழிகள் போதிய அளவு இருக்கின்றன. போலந்து நாட்டிலிருந்து 2008இல் தொடங்கப்பட்ட ஜிஓஜி என்னும் இணையக் கடை பழைய விளையாட்டுகளை டாஸ்பாக்ஸோடு சேர்த்துக் கட்டி விற்கிறது. வாங்கியதிலிருந்து விளையாட்டுக் கோப்புறையை மட்டும் பிரித்தெடுத்து ஜிப் ஆக்கிக் கையடக்கக் கருவியில் இட்டுக்கொள்ளலாம். டூமின் முதல் பகுதி சேர்வேராக, அதாவது பிறருக்குத் தடையின்றிப் படியெடுத்துக் கொடுக்கலாம் என்ற அனுமதியோடு வெளியிடப்பட்டது. 1994இல் வந்த பினீத் எ ஸ்டீல் ஸ்கை 2003இல் அதன் உரிமையாளர்களாலேயே இலவசமாக்கப்பட்டது. ஸ்கம் விஎம்மில் நேராக ஓடும் அது, தொடங்குவோருக்கு மிகச் சிறந்த முதல் விளையாட்டு.

விளையாட்டோடு அதன் கையேட்டையும் பெறுவது அவசியம். படியெடுப்பைத் தடுக்க அன்றைய வெளியீட்டாளர்கள் கையேட்டையே பூட்டாக்கினர்: டாஸ் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் முதல் நிலை முடிந்ததும் எழுத்துகளுக்குக் கீழே குப்பிகள் வரிசையாக நிற்கும் ஓர் அறை வரும், கையேட்டின் இன்ன பக்கத்தில் இன்ன வரியில் உள்ள சொல்லின் முதலெழுத்துக்கு உரிய குப்பியைக் குடித்தால்தான் வழி திறக்கும். கடைகளில் விற்கப்படும் பதிப்புகளோடு கையேடும் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பாக வந்துவிடுகிறது. அதைக் கைபேசியிலேயே திறந்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரு விளையாட்டுக்கு உரிய வேகமும் திரை வடிவமும் ஒலியமைப்பும் ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால், அவற்றை டாஸ்பாக்ஸின் பொது அமைப்புக் கோப்பில் விட்டுவைக்காமல், அந்த விளையாட்டுக்கென்று தனி அமைப்புக் கோப்பு எழுதி விளையாட்டின் கோப்புறைக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். டாஸ்பாக்ஸ் ப்யூர் ஜிப்புக்குள் இருக்கும் அத்தகைய கோப்பையும் படிக்குமாறு அமைக்க முடியும் என்பதால், மேசைக் கணினியில் சோதித்துத் தேர்ந்த எண்களைக் கைபேசியிலும் ஸ்டீம் டெக்கிலும் மறுபடி தேடவேண்டியிருக்காது. கருவி மாறும்போது திரை அகலமும் பொத்தான் அமைப்பும் மட்டுமே புதிதாகப் பார்க்கப்பட வேண்டியவை.